ஆறு கீமோவும் எனக்குத்தான் ஏறியது

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சீக்குக் கதை அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்தவன் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வடியச் சிரட்டை கட்டப் போன பயல் நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. விடியும் முன்னே பால் வெட்டி, பகலில் அதை உறையவைத்து ஷீட் அடித்து, அதே ஷீட்டைத் தலையில் சுமந்து மார்த்தாண்டம் சந்தைக்கு நடந்திருக்கிறேன். குழித்துறையில் ஆற்றோரம் நான் போட்ட முதல் ஷெட்டை வெள்ளம் கொண்டு போனது. தண்ணீர் வடிந்ததும் மேட்டில் இன்னொன்று போட்டேன். இன்றைக்கு மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கடை, ஷீட்டைப் புகை போட்டு உலர்த்த வீட்டுக்குப் பின்னால் சொந்தப் புகைப்புரை, மச்சு வீடு, குவைத்தில் இன்ஜினியராக ஒரு மகன். நம் சபைக் கோயிலுக்குச் சுற்றுமதில் கட்டினபோது கிழக்குப் பக்கம் முழுக்க என் செலவு. பெயர் பொறிக்க ஒரு கல் பதித்தார்கள். கல் இருக்கிறது, பெயர்தான் இன்னும் வரவில்லை. அது கிடக்கட்டும். ஷீட்டு செல்லையன் என்றால் களியக்காவிளை வரைக்கும் ஆளுக்குத் தெரியும்.

அந்தச் செல்லையனுக்கு மார்பகக் கேன்சர் வந்தது. என் மனைவி தங்கபாய்க்கு இல்லை, எனக்கு. போன மாதச் சபை மலரில் வேறு மாதிரி அச்சாகியிருப்பதால் இதை நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

கொரோனா வந்த வருஷம். ஒரு சனிக்கிழமை தங்கபாய் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவள் கை இடது நெஞ்சில் வந்து நின்றுவிட்டது.

"இஞ்ச பாருங்க, இது என்ன?"

தொட்டுப் பார்த்தேன். வெட்டின பட்டையில் வழிந்து காய்ந்த பாலை நாங்கள் ஒட்டுப்பால் என்போம். அதை உரித்துச் சின்னதாக உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு உருண்டை, காம்புக்கு அடியில்.

"சுமை தூக்கின உடம்பு. நரம்பு உருண்டிருக்கும்," என்றேன்.

"நரம்பு இப்படிக் கல்லாட்டம் இருக்குமா? காம்பும் உள்ளே இழுத்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் வராதுட்டி."

பிறகு ஊரடங்கு வந்தது. கடை அடைப்பு, சாலை அடைப்பு. எனக்கு அது நல்ல சாக்கு. தங்கபாய் விடவில்லை. குளிக்கும் முன், சாப்பிடும் முன், ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு, "அது இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவள் தொல்லை தாங்காமல்தான் மார்த்தாண்டத்தில் டாக்டரிடம் போனேன். அவர் தொட்டுப் பார்த்தார், முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கியது. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அப்போது களியக்காவிளையில் எல்லை அடைத்திருந்தார்கள். பாஸ் வாங்கித்தான் கேரளத்துக்குள் போகணும். அடுத்த வீட்டு வில்சன் டாக்சி ஓட்டுகிறவன், அவன் காரில் போனோம். எந்தக் காரிலும் எனக்கு முன் சீட்டுதான். தங்கபாய் பின்னால். வழி நெடுக ஜெபம் பண்ணிக்கொண்டு வந்ததால் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். முகத்தில் மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே, அதுவும் அழுத கண்.

எல்லையில் போலீஸ்காரர் கையில் வாங்காமல் எட்ட நின்றே காகிதத்தைப் படித்தார். பாஸில் மூன்று பேர் பெயரும் இருந்தது. நோயாளி யார் என்ற இடத்தை அவர் பார்க்கவில்லை. டாக்டர் எழுதின சீட்டில் மார்பகப் பிரிவு என்பதைத்தான் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்காக்கும், இல்லியா?" என்றார்.

யாருக்குச் சீக்கு என்று வில்சனிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை, அவன் என்னைப் பார்த்தான். நான் "ம்" என்றேன்.

ஒரே ஒரு "ம்". கண்ணாடியில் தங்கபாய் முகம் தெரிந்தது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுகமில்லாதவள் மாதிரி சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கேலியாக ஒரு வட்டப்பெயர் விழுந்தால் மூன்று தலைமுறைக்குப் போகாது. பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம், அதைத் திருடி மாட்டினவனின் பேரன் இன்றைக்குப் பேங்கில் வேலை பார்க்கிறான், அவனும் "சக்கை"தான். ஷீட்டு செல்லையன் என்ற பெயரை நான் தோள் தேயச் சம்பாதித்தேன். பெண்ணுங்களுக்கு வரும் சீக்கு செல்லையனுக்கு வந்தது என்று தெரிந்தால் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தேன். எழுதக்கூடாத பெயரெல்லாம் மனசில் வந்தது. செத்தாலும் அந்தப் பெயரோடுதான் குழிக்குப் போகணும்.

கொரோனா காரணமாக வில்சனை ஆஸ்பத்திரிக்கு உள்ளே விடவில்லை. காத்திருக்கிற அறை முழுக்கப் பெண்கள். ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் நாடா ஒட்டியிருந்தார்கள், நெருங்கி உட்காராமல் இருக்க. நர்ஸ் வந்து சீட்டைப் பார்த்து, "செல்லையனோட மனைவி வாங்க," என்றாள். தங்கபாய் எழும்பவில்லை. நான் எழும்பினேன். "நான்தான் செல்லையன். எனக்குத்தான்." அறையே திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாற்காலியில் கடியப்பட்டணத்துக்காரி ஒருத்தி, மீன் விற்கிறவள், மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவள் கேட்டாள்: "என்ன ஓய், களவாண்டு பிடிபட்டவரு மாதிரி குனிஞ்சு இருக்கீரு?"

நான் இன்னும் குனிந்தேன்.

"எனக்கு ரெண்டையும் எடுத்தாச்சு. நான் நிமிந்துதானே இருக்கேன்? உமக்கு ஒண்ணு. அதும் ஒண்ணுக்கும் உதவாத ஒண்ணு."

தங்கபாய் சிரித்துவிட்டாள். அந்த உருண்டையைத் தொட்ட நாளுக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

என்னவெல்லாம் பண்ணினார்கள் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். மேமோகிராம் என்பது மார்பைத் தட்டில் வைத்து இன்னொரு தட்டால் அமுக்கி எடுக்கிற எக்ஸ்ரே. ஆணுக்கு அமுக்க என்ன இருக்கிறது? இருந்ததைப் பிடித்து இழுத்து வைத்து அமுக்கினார்கள். ஷீட் அடிக்கிற மெஷினுக்குள் உறைந்த ரப்பர் பாலை எத்தனை தடவை விட்டிருக்கிறேன், அதன் பாடு அன்றைக்குத் தெரிந்தது. பயாப்சி என்றால் ஊசியால் அந்த உருண்டையில் துளி சதை எடுத்துக் கேன்சரா என்று பார்ப்பது. மரத்துப்போகும் மருந்து போடுவதால் வலி பெரிதில்லை. முடிவு வரும்வரை காத்திருப்பதுதான் வலி.

முடிவு சொன்ன டாக்டரம்மா என் மகனைவிட இளையவள். "ஆணுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் திசு உண்டு. அபூர்வமா அதிலும் கேன்சர் வரும். ஆணுங்க வெக்கப்பட்டுக்கிட்டு லேட்டா வருவாங்க. நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்க, சரியாக்கிடலாம்," என்றாள்.

நான் கேட்ட முதல் கேள்வி இது: "நெஞ்சுக் கேன்சர்ணு பெயரை மாத்தி எழுதித் தர முடியுமா?"

"பெயரை மாத்தினா சீக்கு மாறிடுமா சாரே?"

இடது பக்கம் காம்போடு சேர்த்து எல்லாத்தையும் எடுத்தார்கள். அக்குளில் நெறி கட்டுகிற சின்ன முடிச்சுகள் உண்டு, சீக்கு பரவினால் முதலில் அங்கேதான் போகுமாம். அதிலும் சிலதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் கொஞ்சம் இருந்தது. ஆகையால் கீமோ. நரம்பில் ஊசி வழி மருந்தை இறக்குவதுதான் கீமோ, கேன்சர் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் போகும். காயத்திலிருந்து நீர் வடிய ஒரு குழாயும் குப்பியும் வைத்து அனுப்பினார்கள். அந்தக் குப்பியைச் சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு, வில்சன் காரில் முன் சீட்டில், ஒன்றும் நடக்காதவன் மாதிரி உட்கார்ந்து வந்தேன். பின் சீட்டில் தலையணை வைத்து வில்சனே தங்கபாயைப் படுக்க வைத்தான். மேடு பள்ளத்தில் கார் குதிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போகும். அவளுக்காக வில்சன், "பைய போறேன் அக்கா, வலிக்குதா?" என்று கேட்பான்.

"எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. முன்னால இருக்கிற ஆளுக்கு வலிக்காம ஓட்டு," என்பாள்.

"அண்ணாச்சிக்கு மனசு வலி, இல்லியா?" என்பான் வில்சன். ஊருக்குள் போய், "பெண்டாட்டி கவலையில அண்ணாச்சி பாதியாயிட்டாரு," என்றும் சொன்னான்.

என் வழுக்கையும் எனக்கு உதவிக்கு வந்தது. கீமோவில் முடி கொட்டும் என்று பயமுறுத்தினார்கள். எனக்குக் கொட்ட ஏது? கல்யாணத்தில் இருந்ததே கொஞ்சம். தங்கபாய்தான் பாவம், முடி அடர்ந்த தலையை எப்போதும் முக்காட்டில் மூடிக்கொண்டாள்.

கீமோ ஏறினால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். தோட்டத்துக் காவல்காரன் லீவில் போன மாதிரி, எந்த நோயும் உள்ளே வரலாம். அதோடு வெளியே கொரோனா. ஆகையால் மகன் சுஜினுக்காகக் கட்டின மாடி அறையில் தங்கபாய் என்னை வைத்தாள். கேட்டுக்கு வெளியே யாரும் நிற்கலாம், உள்ளே வரக்கூடாது. வருகிற சாமானை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவணும். எனக்கு அது போதாது என்று பட்டது. மரச்சீனிக் கிழங்கு, வெங்காயம், நேந்திரம்பழம் எல்லாவற்றையும் புகைப்புரையில் வைத்துப் புகை போட்டேன். ஷீட்டில் பூஞ்சை வராமல் காக்கிற புகை, கொரோனாவை விடுமா? ஒரு வாரம் அந்த வீட்டில் எதைத் தின்றாலும் ரப்பர் மணம். போனில் டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். "சோப்பு போதும் சாரே," என்றாள்.

குவைத்தில் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட சுஜின் தினமும் வீடியோவில் வருவான். அவனுக்கு உள்ளது தெரியும். "அப்பா, ஊர்ல எல்லாரும் அம்மாவுக்குண்ணு சொல்லுதாங்களே? எனக்கே ஆறுதல் மெசேஜ் வருது."

"நீ வாயப் பொத்திட்டு இரு மக்கா."

"அம்மா என்ன சொல்லுதா?"

தங்கபாய் போனைப் பிடுங்கி, "கீமோ எடுத்து ரெண்டு சுற்றுப் பெருத்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்," என்றாள்.

பெருத்ததுக்குக் காரணம் லில்லி, வில்சனின் பெண்டாட்டி. ஆட்டுக்கால் சூப், முட்டை, கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சி என்று ஏதாவது ஒன்றைத் தூக்குவாளியில் எங்கள் மதில்மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். "அக்கா, சூடு ஆறதுக்குள்ள குடிக்கணும், கேட்டியளா?" கஞ்சியும் முட்டையும் தங்கபாய் பங்கு. சூப்பை மாடிக்குக் கொண்டுவருவாள். வாயெல்லாம் புண், எதுவும் இறங்காத நாட்களில் அந்தச் சூப் மட்டும் இறங்கியது. இதை லில்லி வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அதே லில்லிதான் என்னைக் கொல்லவும் பார்த்தாள். மூன்றாவது கீமோ முடிந்து, எழும்பினால் தலை சுற்றும் நிலையில் ஜன்னலோரம் காற்றுக்கு நின்றேன். கீழே தங்கபாய் விளக்குமாற்றால் முற்றம் தூத்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே லில்லியின் தலை.

"அக்கா! அந்தத் தூப்பைக் கீழ போடுங்க! அறுத்த உடம்பாக்கும்!" பிறகு மேலே பார்த்தாள். "அண்ணாச்சி, நல்லாயிருக்கா இது? சீக்குக்காரிய வேலைக்கு விட்டுட்டு நீங்க மாடியில காத்து வாங்குதீங்க?"

என்ன செய்வது? இறங்கிப் போனேன். தூப்பை வாங்கித் தூத்தேன். இளவயசில் கல் குவாரியிலும் சுமை தூக்கினவன் நான், அந்த முற்றம் எனக்குக் குவாரியைவிடப் பெரிதாக இருந்தது. லில்லி இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்தாள். "மூலையில கிடக்கு, அதையும்." தங்கபாய் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் உள்ளே வந்து விழுந்ததும் கால் பக்கம் உட்கார்ந்து, "இனியாவது சொல்லிடுங்க," என்றாள்.

"சொல்லமாட்டேன்."

"உங்களுக்குத் தூப்பை பிடிச்சதோட போச்சு. எனக்கு அப்படியா? கேட்டுல வந்து நிக்கிறவளுக்கெல்லாம் கண்ணு முதல்ல என் மாராப்புக்குத்தான் போகுது. இடதா வலதாண்ணு கேக்குதா. நான் என்ன சொல்ல?"

அன்றைக்குத்தான் கவனித்தேன், வீட்டு முற்றத்துக்கு இறங்கக்கூட அவள் சேலையை இரண்டு சுற்றாகப் போர்த்துகிறாள். இல்லாத சீக்குக்கு இருக்கிற உடம்பை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

நான்காவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் அடித்தது. கொரோனாவா, வெள்ளை அணு குறைந்த காய்ச்சலா என்று தெரியாது. இரண்டும் ஆளைக் கொண்டுபோகக்கூடியது. வில்சன் கார் எடுத்தான். கம்பளி போர்த்தி நடுங்கும் என்னைப் பார்த்து, "அண்ணாச்சியும் கூடச் சீக்கானா எப்படி?" என்றான். ஆஸ்பத்திரியில் தனி அறை. மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. உடுப்பு, உறை, கண்ணாடி எல்லாம் போட்ட நர்ஸுகள், முகமே தெரியாது, முதுகில் மையால் பெயர் எழுதியிருப்பார்கள். தங்கபாயும் பரிசோதனை முடிந்து கூட இருந்தாள்.

"ஏட்டி, நான் செத்துப்போனா ஊர்ல எதுல செத்தேன்ணு சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"மாரடைப்புண்ணு சொல்லேன்."

"மாட்டேன். செத்த ஆளுக்கு என்ன வெக்கம்? பெட்டிய வச்சு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன். இஷ்டம் இல்லேன்னா சாகாம இருங்க."

சாகாமல் இருந்தேன். கொரோனா இல்லை என்று வந்தது. அணுக்களைக் கூட்ட ஊசி போட்டார்கள், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. மீதி இரண்டு கீமோவும் முடித்தேன். நானே முடித்தேன், வேறு ஆள் வைத்து இல்லை.

அந்த வருஷம் முழுக்கச் சபை ஆராதனை போனில்தான். ஒவ்வொரு ஞாயிறும் போதகர் "சகோதரி தங்கபாயின் மார்பில் உம்முடைய கரத்தை வையும் ஆண்டவரே" என்று ஜெபிப்பார். தங்கபாய் போனுக்கு முன்னால், நான் போனில் தெரியாமல் பக்கத்தில், நெஞ்சில் கை வைத்தபடி. முகவரி தப்பாக எழுதினாலும் தபால் சரியான வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஊரடங்கு தளர்ந்து கோயில் திறந்தது, அறுப்பின் பண்டிகை வந்தது. அதைத் தெரியாதவருக்குச் சொல்கிறேன்: அவரவர் விளைச்சலில் முதலானதைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம், அதை அங்கேயே ஏலம் விடுவோம். பெரிய வாழைக்குலை எப்போதும் எனக்குத்தான் விழும், போட்டிக்கு வந்து ஜெயித்தவன் கிடையாது. அன்றைக்குப் போதகர், ஏலத்துக்கு முன் தங்கபாய் சுகமானதற்குச் சாட்சி சொல்வாள் என்று சொல்லியிருந்தார்.

காலையில் அவள் சேலை உடுத்திக்கொண்டே, "கோயில்ல நின்னு பொய் சொல்ல என்னால கழியாது," என்றாள். "நான் ஏறி நிப்பேன். வாய் திறக்கமாட்டேன். மிச்சம் உங்க இஷ்டம்."

ஏறி நின்றாள். மைக் முன்னால் தலையில் முக்காடு, கண்ணில் தண்ணீர். எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் பேசவில்லை. "பேச முடியல பாவம்," என்று பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டினார்கள். போதகர் உதவிக்கு வந்தார். "ஆறு கீமோ! ஆறு கீமோவைத் தாங்கின வீராங்கனை! நம்மில் யாருக்கு அந்தத் தைரியம் உண்டு?" கோயில் முழுக்கக் கைதட்டல். வில்சன் எழும்பி நின்று தட்டினான்.

என் நெஞ்சுக்குள் என்னமோ ஏறியது. வெட்கம் என்று ஒரு வருஷம் பொத்தி வைத்திருந்தேனே, அது எங்கே போனதென்று தெரியவில்லை. வாந்தி எடுத்தவன் நான். நகம் கறுத்தவன் நான். காலில் உணர்ச்சி இல்லாமல் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினவன் நான். நான் சம்பாதித்ததை வேறு ஒருத்தர் பெயரில் எழுத நான் ஒருநாளும் விட்டதில்லை.

"நிறுத்துங்க!" எழும்பிவிட்டேன். "ஆறு கீமோவும் எனக்காக்கும் ஏறினது! அவளுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடக் கிடையாது!"

யாரும் நம்பவில்லை. கவலையில் எனக்கு மனசு கலங்கிவிட்டது என்று வில்சன் என் கையைப் பிடிக்க வந்தான். சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். இடது பக்கம் காம்பு இல்லை. நெஞ்சிலிருந்து அக்குள் வரைக்கும் ஒரே கோடு. போதகர் பார்த்தார், வில்சன் பார்த்தான், சபை பார்த்தது.

பெண்கள் பக்கமிருந்து லில்லியின் குரல்: "அட பாவி மனுஷா! அப்ப நான் வச்ச ஆட்டுக்கால் சூப்பெல்லாம் நீங்களாக்கும் குடிச்சது?"

கோயில் சிரித்தது. போதகரும் சிரித்தார். தங்கபாய் மைக்கிலேயே சிரித்தாள், எல்லாருக்கும் கேட்டது. பிறகு முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முடியை ஊர் பார்த்தது.

எனக்கு வட்டப்பெயர் விழுந்துவிட்டது. நான் பயந்த பெயர் ஒன்றும் இல்லை. "சூப்பு செல்லையன்." விழுந்தது விழட்டும்.

ஏலம் முடிந்து வாழைக்குலையைத் தூக்கி வரும்போது கோயிலுக்குப் பின்னால் ஒரு ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாரென்று சொல்லமாட்டேன். சட்டைக்கு மேலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இங்க ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா. ஆணுக்கு என்ன வரப்போகுதுண்ணு விட்டுட்டேன்," என்றார். மறுநாளே வில்சன் காரில் நான் கூட்டிக்கொண்டு போனேன். பின் சீட்டில் நான் உட்கார்ந்தேன், முன் சீட்டை அவருக்குக் கொடுத்தேன். அவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், தேறி வருகிறார். ஆகையால் ஆண்களே, குளிக்கும்போது நெஞ்சையும் தடவிப் பாருங்கள். கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, நீர் கசிவது எது இருந்தாலும் ஓடுங்கள்.

நான் இப்போது மாத்திரையில் இருக்கிறேன். சில வருஷம் விடாமல் சாப்பிடணும். பெண்களுக்கும் இதே மாத்திரைதான் கொடுக்கிறார்கள். திடீரென்று உடம்பு தீயாய்க் காயும், வேர்த்துக் கொட்டும். தங்கபாய் விசிறியை எடுத்து வந்து, "மாதவிலக்கு நின்ன நேரம் நான் இப்படித்தான் கிடந்தேன். இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வீசுவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பண்டிகைக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டதாகச் சொல்லி, சபை மலரில் "சகோதரி தங்கபாய் மார்பகப் புற்றுநோயிலிருந்து சுகம் பெற்றதற்காக" என்றே போட்டிருக்கிறார்கள். அடுத்த மலரில் இதைத் திருத்தணும். சின்ன எழுத்தில் கடைசிப் பக்கத்தில் கூடாது, அதே இடத்தில், அதே அளவில். அறுத்தது செல்லையனுக்கு, ஆறு கீமோவும் ஏறியது செல்லையனுக்கு என்று போடுங்கள். சூப் லில்லியுடையது, கார் வில்சனுடையது, அதையும் போடுங்கள். தங்கபாய் பெயரை எடுத்துவிடவேண்டாம். சீக்கு என்னுடையது, அதை ஒரு வருஷம் தன் பெயரில் சுமந்து நடந்தது அவள், அதற்கு அவளுக்குக் கைதட்டல் வரணும். அதைச் சபைக்கு எடுத்துச் சொன்னது நான்தான் என்று கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிலில் உள்ள கல்லும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஆசாரி வரும்போது இரண்டு பெயருக்கும் இடம் பார்த்துப் பொறிக்கச் சொல்லுங்கள். என் பெயர் மேலே.